ஐயாயிரம் யூனிட்

அத்தியாயம் 17

ஐ.சி.யு. வாசலில் காலை ஏழு மணிக்கு ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள். மூன்று நாளாகப் பெரியவளும் சின்னவனும் அந்த ஓர் இடத்துக்காகச் சண்டை போடவில்லை. அந்தக் குடும்பத்துக்கு அது அதிசயம்தான்.

"நீ போக்கா."

"நேத்தும் நீ போகலையேடா."

"அந்தக் குழாயெல்லாம் என்னால பார்க்க முடியல. நீயே போ."

பெரியவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

அப்பா அப்படியேதான் கிடந்தார். தலையைச் சுற்றிக் கட்டு, மூக்கில் குழாய். ஊரில் பாதிப்பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். பயந்து நடுங்குகிற மாணவர்களிடம்கூட ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. டயாலிசிஸுக்குப் போகும்போதெல்லாம், "வண்டி சர்வீசுக்குப் போகுது. எஞ்சின் பழசு, பாடி மட்டும்தான் பளபளப்பு" என்பார். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அவர் பெரியவள் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். பின்மண்டையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். செவ்வாய் காலை வழக்கம்போல டயாலிசிஸுக்குப் போய்வந்தார். மத்தியானம் தலை வலிக்கிறது என்று படுத்தவர், எழுப்பியபோது எழவில்லை. அன்றைக்கே மண்டையைத் திறந்து ரத்தக்கட்டியை எடுத்தார்கள்.

"இப்படி வழுக்கி விழுந்ததுக்கு இவ்வளவு ரத்தம் கசிஞ்சிருக்கக் கூடாதே. ஹெப்பாரின் போட்டாங்களா?" என்று ஆபரேஷனுக்கு முன்பே, ஐ.சி.யு. வாசலில் சர்ஜன் கேட்டிருந்தார்.

டயாலிசிஸில் ரத்தம் உடம்பை விட்டு வெளியே வந்து, வடிகட்டியில் சுத்தமாகித் திரும்பும். வழியில் உறைந்துவிடாமல் இருக்கப் போடும் ஊசி ஹெப்பாரின். தலையில் அடிபட்டவருக்கு அதைப் போடக் கூடாது.

"போட்டிருக்க மாட்டாங்க சார். விழுந்த அன்னைக்கே என் ஒய்ஃப்கிட்ட சொல்லிட்டேன். அவதான் அங்க நர்ஸ்" என்று சின்னவன் எல்லார் எதிரிலும் சொன்னான்.

அந்த நர்ஸ், அதாவது சின்னவன் மனைவி, அப்போது இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

அவளுக்கும் பெரியவளுக்கும் பேச்சு நின்று மூன்று மாதம் ஆகிறது. காரணம், ஒரு டம்ளர் தண்ணீர். அப்போது அப்பா சின்னவன் வீட்டில் இருந்தார். டயாலிசிஸ் நோயாளி அளந்துதான் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று மருமகள் பாட்டிலில் கோடு போட்டு வைத்திருந்தாள். அதைப் பார்த்த பெரியவள், "எங்கப்பாவுக்குத் தண்ணியக்கூட அளந்து ஊத்துறியா?" என்று கத்தி, அன்றைக்கே அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள். கூட்டிவந்த இரண்டாவது வாரமே கால் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. இப்போது அவளும் பாட்டிலில் கோடு போட்டுத்தான் கொடுக்கிறாள். 'நீ செஞ்சது சரிதான்' என்று தம்பி மனைவியிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

உள்ளே டியூட்டி டாக்டர் சொன்னார். "பொட்டாசியம் ஏறிட்டே இருக்கு. நேத்து, வியாழக்கிழமை, டயாலிசிஸ் பண்ண முடியல. இன்னைக்குப் பண்ணியே ஆகணும். ஹெப்பாரின் இல்லாம, இந்தப் பெட்லயே வச்சு. மத்தியானம் கீழே டயாலிசிஸ் சென்டர்லேருந்து ஆள் வரும்."

பெரியவள் வெளியே வந்து தம்பியிடம் அதைச் சொன்னாள்.

"யார் வருவாங்க?" என்று கேட்டான் அவன்.

"தெரியல. உன் வீட்டுக்காரிகிட்ட கேளு."

அவன் சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தான். நேற்றும் அதையேதான் படித்துக்கொண்டிருந்தான்.

*

ஒன்பது மணிக்குப் பெரியவள் ஆபீஸில் இருந்தாள். லீவு கேட்டால் கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்த வாசலில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

அவள் வேலை மெடிக்கல் கோடிங். ஆஸ்பத்திரிகளில் நடக்கும் ஒவ்வொரு சிகிச்சைக்கும், ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு எண் உண்டு. நர்ஸ் எழுதியதையும் டாக்டர் எழுதியதையும் படித்து, எந்த எண், எத்தனை யூனிட் என்று போட்டு இன்சூரன்ஸுக்கு அனுப்ப வேண்டும். பதினான்கு வருஷமாக அவள் பார்ப்பது டயாலிசிஸ் ஃபைல்கள் மட்டும்.

நாற்பத்தாறு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஃபைலில் தப்புக் கண்டுபிடிப்பதில் அந்த மாடியிலேயே அவளை அடிக்க ஆளில்லை. அவளுக்கு மேலே இருப்பவர் சூப்பர்வைசர் மட்டும். ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் ஃபைலைத் திருப்பி அனுப்புவார் என்பதால் எல்லாரும் அவரைக் 'கமா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கும் அது தெரியும்.

பத்தரை மணிக்குப் பதினோராவது ஃபைலைத் திறந்தாள்.

ஃபைலில் பெயர் இருக்காது. எண்தான். ஆண், எழுபத்துமூன்று வயது. செவ்வாய்க்கிழமை, முதல் ஷிப்ட். இடது கை ரத்தக்குழாய் அடைத்துப்போய் வலது கையில் ஊசி. எடை அறுபத்தொன்றரை கிலோ.

அறுபத்தொன்றரை. செவ்வாய்க்கிழமை விடியற்காலை அவளே அவரைச் சென்டர் வாசலில் தராசில் ஏற்றிவிட்டு, முன்புறம் சாயாமல் தோளைப் பிடித்துக்கொண்டு படித்த எண் அது.

சொந்தக்காரர் ஃபைல் வந்தால் தொடக் கூடாது. கையைத் தூக்கிச் சூப்பர்வைசரிடம் சொல்லி, வேறு ஆளிடம் மாற்றிவிட வேண்டும். அதுதான் விதி. புதிதாக வருகிறவர்களுக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுப்பதே அவள்தான்.

அவள் கையைத் தூக்கவில்லை. அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

காலை ஆறு பத்துக்கு ஹெப்பாரின் இரண்டாயிரம் யூனிட். ஏழு பத்துக்கு ஆயிரம். எட்டு பத்துக்கு ஆயிரம். ஒன்பது பத்துக்கு ஆயிரம். நான்கு வரிக்கும் பக்கத்தில் ஒரே நர்ஸின் பணியாளர் எண். அந்த எண் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். ஆறு வருஷமாகப் பார்க்கிற எண்.

மொத்தம் ஐயாயிரம். பில்லில் ஆயிரத்துக்கு ஒன்று என்று கணக்கு. கட்டத்தில் அவள் போட வேண்டியது 5.

இந்த ஊசிக்குத் தனியாகக் காசுகூட வராது. டயாலிசிஸ் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிடும். ஆனாலும் எத்தனை போட்டோம் என்று பதிவு வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை அந்த 5-ஐப் போடுகிறவள் அவள். அது ஒருவர் உடம்புக்குள் போவது என்று என்றைக்குமே நினைத்ததில்லை.

மேலே போய் முதலிலிருந்து மறுபடி படித்தாள். ஒரு தப்பு கிடைக்காதா என்று தேடினாள். டாக்டர் ஆர்டர் இருந்தது. கையெழுத்து இருந்தது. நேரம் இருந்தது. ஊசி ஏற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளின் பட்டியலும் இருந்தது.

கடந்த இரண்டு நாளில் கீழே விழுந்தாரா? இல்லை.

ரத்தக் கசிவு, தலைவலி உண்டா? இல்லை.

அதற்கு நேரேயும் அதே பணியாளர் எண்.

ஆக, சொல்லியும் போட்டிருக்கிறாள். அதுமட்டுமில்லை, விழவே இல்லை என்று டிக்கும் அடித்திருக்கிறாள். மூன்று மாதக் கோபத்தை ஒரு கிழவர் மேலா காட்டுவது?

எழுந்து போய்ச் சூப்பர்வைசர் மேஜை முன் நின்றாள்.

"அந்தப் பதினோராவது ஃபைல் எங்கப்பாவோடது சார்."

கமா கண்ணாடியைக் கழற்றினார். "திறந்துட்டியா?"

"முழுசாப் படிச்சுட்டேன்."

அவர் கம்ப்யூட்டரில் ஃபைலைத் தன் பக்கம் மாற்றிக்கொண்டார்.

"படிச்சதை உன் தலையிலேருந்து என்னால எடுக்க முடியாது. ஆனா அந்தப் பேப்பரைக் கையில எடுத்துட்டு எங்கேயும் போய் நிக்காத. அப்புறம் உன் வேலையும் போகும், என் வேலையும் போகும்."

"இதுல தப்பு இருக்கா சார்? நீங்களே பாருங்க."

அவர் பார்த்தார். மேலிருந்து கீழே, நிதானமாக, வழக்கம்போல விரலை ஸ்க்ரீனில் ஓட்டிக்கொண்டு. கடைசி வரிக்கு வந்ததும் விரலை எடுத்தார்.

"இல்லம்மா. ரொம்ப சுத்தமா இருக்கு" என்றார்.

*

டயாலிசிஸ் சென்டர் அதே ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில்தான். பின்னால் ஓர் அறையில் டயாலிசிஸ் திரவக் கேன்களை ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பார்கள். மெஷின் கழுவும் மருந்தின் புளித்த வாடை மூக்கில் ஏறும்.

சின்னவன் மனைவி அங்கேதான் இருந்தாள். கைக்கு ஒரு கேனாகத் தூக்கிக்கொண்டு திரும்பியவள், வாசலில் பெரியவளைப் பார்த்ததும் நின்றாள்.

"சாப்பிட்டீங்களா அண்ணி?"

மூன்று மாதத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை. பெரியவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை எங்கப்பாவுக்கு எத்தனை யூனிட் போட்ட?"

கேன்கள் கீழே இறங்கின. இல்லை என்பாள், மழுப்புவாள், அழுவாள் என்றெல்லாம் எதிர்பார்த்துத்தான் பெரியவள் வந்திருந்தாள்.

"ஐயாயிரம்" என்றாள் அவள்.

"சொன்னதுக்கு அப்புறமுமா?"

"என்கிட்ட யாருமே சொல்லல அண்ணி."

"பொய் சொல்லாத. சொல்லிட்டேன்னு அவன் சொன்னான்."

"சொல்லிட்டேன்னு அவர் சொன்னதை உங்க பக்கத்துல நின்னு நானும்தானே கேட்டேன்."

பெரியவளுக்கு உடனே பிடிபடவில்லை. பிடிபட்டதும் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் சொல்லலையா?"

"மாமா விழுந்த விஷயமே ஐ.சி.யு. வாசல்லதான் எனக்குத் தெரியும்."

"அப்பவே வாயத் திறந்திருக்கலாமில்ல?"

"எப்படி? டாக்டர், நீங்க, அத்தனை பேர் எதிர்ல, என் புருஷன் பொய் சொல்றார்னு சொல்லவா? முடியல அண்ணி. ஆனா டாக்டர்கிட்ட தனியாப் போய் உடனே சொல்லிட்டேன். ஐயாயிரம் போட்டேன், பத்து மணிக்கு டயாலிசிஸ் முடிஞ்சுதுன்னு. ஆபரேஷன் பண்றவருக்குத் தெரியணும். தெரியாம கத்திய வச்சுடக் கூடாதில்ல."

"வீட்ல அவன்கிட்ட கேட்டியா?"

"கேட்கல. அவரே வாயத் திறந்து சொல்லட்டும்னு காத்திருக்கேன். மூணு நாளா ரெண்டு பேரும் சாப்பாட்டுத் தட்டையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கோம்."

பெரியவள் விடவில்லை. கோபத்தோடு வந்தவளுக்கு அதை எங்கேயாவது இறக்க வேண்டியிருந்தது.

"விழுந்தாரான்னு ஒரு கேள்வி இருக்கே. அதைக் கேட்டியா? இல்லைன்னு டிக் போட்டிருக்க."

அதை எப்படிப் பார்த்தீர்கள் என்று சின்னவன் மனைவி கேட்கவில்லை. கேன் மூடியை விரலால் திருகிக்கொண்டே நின்றாள்.

"கேட்கல."

"ஏன்?"

"மூணு மாசமா நான் மாமாகிட்ட எதுவுமே கேட்கறதில்ல அண்ணி. வருவார், கைய நீட்டுவார், குத்துவேன். 'வண்டி சர்வீசுக்கு வந்திருக்கும்மா'ம்பார். நான் சிரிக்க மாட்டேன். ஒரு வார்த்தை சொல்லாம அவர் உங்ககூடக் கிளம்பிப் போயிட்டாரேங்கிற வீம்பு எனக்கு. மத்தவங்க பன்னெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டுத்தான் டிக் போட்டேன். அவர்கிட்ட மட்டும் கேட்காமலே போட்டேன்."

வெளியே ஏதோ ஒரு மெஷின் விட்டுவிட்டுக் கூவியது. யாரோ ஓடிப்போய் நிறுத்தினார்கள்.

"தலை வீக்கத்தையாவது பார்த்திருப்பேன். தொப்பி போட்டிருந்தார். ஏசிக் குளிருக்குன்னு நினைச்சுட்டேன்."

பெரியவள் ஒரு கேன் மேல் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் போன் செய்தது தம்பிக்கு. 'உன் வீட்டுக்காரிகிட்ட சொல்லிடு, நாளைக்கு ஹெப்பாரின் வேணாம்னு. சும்மா லேசா வழுக்கிட்டார், பெருசா ஒண்ணும் இல்ல' என்றாள். எலுமிச்சம்பழம் அளவு வீக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேதான் அப்படிச் சொன்னாள். நேரே தம்பி மனைவிக்கே போன் செய்திருந்தால், 'பார்த்துக்க முடியாதவங்க எதுக்குக் கூட்டிட்டுப் போனீங்க' என்று ஒரு வார்த்தை வந்திருக்கும். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தாள்.

"தொப்பிய மாட்டிவிட்டது நான்தான்" என்றாள்.

"குளிருக்குத்தானே அண்ணி."

"இல்ல."

சின்னவன் மனைவி அவளைப் பார்த்தாள். எதிரே இன்னொரு கேனை இழுத்துப் போட்டு அவளும் உட்கார்ந்தாள். இருவர் முட்டியும் இடிக்காத அளவுக்குத்தான் இடம் இருந்தது.

சின்னவன் மனைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஒரு மணிக்கு மாமாவுக்கு மேல போய்ப் பண்ணணும். ஹெப்பாரின் இல்லாம ஓட்டணும்னா கால் மணிக்கு ஒரு தடவை சலைன் விட்டு ஃபில்டரைக் கழுவணும். ஒரு தடவை தவறினாலும் ரத்தம் உறைஞ்சு போயிடும். அந்தக் கையில ஊசி ஏத்தத் தெரிஞ்சது நான் மட்டும்தான். மத்தவங்க நாலஞ்சு தடவை குத்துவாங்க."

"சரி."

"கேட்காம டிக் போட்டேன்னு எழுதிக் கொடுக்கப் போறேன். முடிவு பண்ணிட்டேன். ஆனா இப்பவே எழுதிக் கொடுத்தா என்னை மாமா பக்கத்துலயே விட மாட்டாங்க. இதை முடிச்சுட்டு எழுதறேன். எனக்கு மூணு மணி நேரம் கொடுங்க அண்ணி."

தன் அப்பாவை அந்தக் கையிலா மறுபடி கொடுப்பது? பெரியவள் அந்தக் கையைப் பார்த்தாள். கிருமிநாசினி பட்டுப்பட்டு விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"போ. நேரமாகுது" என்றாள்.

*

சின்னவன் லிப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிப்டையெல்லாம் அவன்தான் பழுது பார்க்கிறான். ஆனால் எங்கே போனாலும் படியில்தான் ஏறுவான். கேட்டால், "உள்ள என்ன இருக்குன்னு எனக்குத்தானே தெரியும்" என்பான்.

பின்பக்கப் படிக்கட்டில், இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். கீழேயிருந்து அக்கா ஏறி வருவதைப் பார்த்தான். அவள் நடையைப் பார்த்தே தெரிந்துகொண்டான். சின்ன வயதில் அவன் மார்க் ஷீட்டை ஒளித்துவைத்த அன்றைக்கும் அவள் இப்படித்தான் நடந்து வந்தாள்.

அவள் கேட்பதற்கு முன்பே சொன்னான்.

"சொல்லலக்கா."

அவள் ஒரு படி கீழேயே நின்றாள்.

"நீ போன் பண்ணப்ப லிப்ட் மேல நின்னுட்டிருந்தேன். பாதிதான் கேட்டுச்சு. சரி சரின்னு வச்சுட்டேன். வீட்டுக்குப் போனா அவ படுத்துட்டா. அஞ்சு மணி டியூட்டி. எழுப்பி உன் பேரை எடுத்தா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா. காலையில சொல்லிக்கலாம்னு படுத்தேன். எழுந்திருக்கும்போது அவ கிளம்பிப் போயிட்டா."

"போன் இருக்கேடா."

"டியூட்டியில போனை லாக்கர்ல வச்சுடுவாங்க. ஏழரைக்கு ஞாபகம் வந்து ரிசப்ஷனுக்கு அடிச்சேன். ரிங் போச்சு, எடுக்கல. இன்னொரு தடவை அடிச்சிருக்கலாம். ஆரம்பிச்சுப் போட்டிருப்பாங்க, இனிமே என்னன்னு விட்டுட்டேன்."

ஏழரை. பெரியவளால் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

"எட்டு பத்துக்கு ஆயிரம் போயிருக்கு. ஒன்பது பத்துக்கு ஆயிரம் போயிருக்கு. ரெண்டும் போயிருக்காதுடா."

சொல்லியிருக்க வேண்டாம். சொன்ன பிறகுதான் தெரிந்தது. சின்னவன் முகத்தில் எதுவும் மாறவில்லை, கண் மட்டும் அவளை விட்டு எங்கேயோ போனது.

"டாக்டர்கிட்ட எதுக்குப் பொய் சொன்ன?"

"வாயில வந்துடுச்சு. வந்ததைத் திரும்ப எடுக்க முடியல." கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "அவ எதிர்லயே நின்னா. ஒரு வார்த்தை பேசல. அவ திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

"டேய், உட்காரு."

"ஒண்ணு கேட்கட்டுமாக்கா? நீ ஏன் அவகிட்டயே நேராச் சொல்லல?"

அவளிடம் பதில் இருந்தது. பத்து நிமிஷம் முன்புதான் கேன் மேல் உட்கார்ந்து அதைத் தனக்குள் ஒப்புக்கொண்டிருந்தாள். அதை வாய்விட்டு, அதுவும் தம்பியிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

அவன் அவளைத் தாண்டிக்கொண்டு கீழே இறங்கினான். டீ குடிக்கப் போகிறான் என்று நினைத்தாள்.

*

ஒரு மணிக்குச் சக்கரம் வைத்த மெஷின் ஐ.சி.யு.வுக்குள் போனது. பெரியவள் கண்ணாடிக்கு வெளியே நின்றாள்.

மருமகள் முதல் குத்திலேயே ஊசியை ஏற்றிவிட்டாள். குழாயில் ரத்தம் ஓட ஆரம்பித்தது. பிறகு அவள் உட்காரவே இல்லை. கால் மணிக்கு ஒரு தடவை சலைன் திறந்தாள், வடிகட்டியை டார்ச் அடித்துப் பார்த்தாள், விரலால் தட்டினாள், குறித்துக்கொண்டாள்.

இரண்டே காலுக்கு வடிகட்டியின் மேல்முனை கறுக்கத் தொடங்கியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்தே பெரியவளுக்குத் தெரிந்தது. பதினான்கு வருஷமாக அதைக் காகிதத்தில் படித்தவள், இப்போதுதான் கண்ணால் பார்க்கிறாள். உறைந்துவிட்டால் உள்ளே இருக்கிற ஒரு டம்ளர் ரத்தம் அப்படியே வீண். அந்த இழப்பைத் தாங்க அவர் உடம்பில் தெம்பில்லை.

மருமகள் மெஷினின் வேகத்தை ஏற்றினாள். சலைனைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். அவள் உதடு அசைவது தெரிந்தது. அப்பாவிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினாள் என்று தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நிறுத்தாமல் பேசிக்கொண்டேயிருந்தாள்.

கறுப்பு பரவவில்லை.

நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம். பெரியவள் உள்ளே போனபோது ரத்தம் முழுவதும் உடம்புக்குத் திரும்பியிருந்தது. மருமகள் ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்திருந்தாள். அவள் கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. உறையல."

அப்போது அப்பாவின் வலது கை லேசாக இழுத்தது. பஞ்சை அழுத்தியிருந்தவள் குனிந்தாள். இமை கால்வாசி திறந்திருந்தது. கண்மணி இங்கும் அங்கும் அலைந்து, மெதுவாக மகள் மேல் நின்றது. பிறகு மருமகள் மேல். இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் நிற்பது அவருக்குப் புரியவில்லை போலிருந்தது.

"அப்பா!"

உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. மருமகள் ஈரப் பஞ்சால் ஒற்றினாள். காற்றாக ஒரு சத்தம் வந்தது. மறுபடி வந்தது.

"சின்...னவன்."

"வருவான்பா. கீழதான் இருக்கான்."

பெரியவள் வெளியே ஓடி வந்து போன் செய்தாள். ரிங் போனது, எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. வாட்ச்மேனிடம் கேட்டாள். லிப்ட் வேலை பார்க்கிறவர்தானே, ஒரு மணிக்கு முன்னாடியே கேட்டைத் தாண்டிப் போனார், கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றார் அவர்.

கையுறையைக் கழற்றிக்கொண்டே சின்னவன் மனைவி வெளியே வந்தாள். தன் போனை எடுத்து அடித்தாள். மூன்றாவது ரிங்கில் எடுத்தான்.

ஏதோ பெரிய சாலை. லாரிகள் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"மாமா கண்ணு முழிச்சுட்டார். உங்களத்தான் கேட்கறார்."

லாரிச் சத்தம்.

"நான் எதுவும் கேட்க மாட்டேன். வாங்க. எங்க இருக்கீங்கன்னாவது சொல்லுங்க."

லைன் துண்டித்துப்போனது. திரும்ப அடித்தாள். சுவிட்ச் ஆஃப்.

இருவரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு சின்னவன் மனைவி அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். மடித்து வைத்திருந்த படிவத்தை எடுத்து நர்ஸ் மேஜைமேல் விரித்தாள்.

"பேனா இருக்கா அண்ணி?"

பெரியவள் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவள் நின்றபடியே எழுத ஆரம்பித்தாள். தேதி, நேரம், பணியாளர் எண். 'நோயாளியிடம் கேட்காமலே குறித்தேன்' என்று நிறுத்தாமல் எழுதினாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினாள். இந்தக் காகிதம் கீழே போனால் நாளைக்கு அவளுக்கு வேலை இருக்காது. இருவருக்குமே தெரியும்.

"என் பேரையும் எழுது" என்றாள் பெரியவள்.

"எதுக்கு?"

"நேரா உன்கிட்ட சொல்லாம விட்டேன்னு. தொப்பி போட்டு மறைச்சேன்னு. அதையும் சேர்த்து எழுது."

சின்னவன் மனைவி படிவத்தை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தாள். பின்பக்கம் திருப்பியும் பார்த்தாள்.

"அதுக்கு இதுல இடமே இல்ல அண்ணி."